பழைய தேக்கு பீரோவுக்கு வீட்டில் கலக்கும் சாக் பெயின்ட்: எந்தப் பொடி, எவ்வளவு?

கிழக்குவாசல் (யாங்கோன், தாம்வே)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பீரோ ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்கத் தேக்கு. கதவு இரண்டை மட்டும் பிற்காலத்தில் யாரோ பிளைவுட்டில் மாற்றிப் போட்டு, மொத்தத்துக்கும் கருஞ்சிவப்பு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். அந்த வார்னிஷ் இப்போது செதில் செதிலாகப் பெயர்ந்து வருகிறது. மகள் அறைக்கு அதை வெளிர் பச்சையில், துளியும் பளபளப்பில்லாமல், சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கலாக ஆக்கித் தர வேண்டும் என்று ஆசை.

அப்படி மங்கலாகக் காயும் பெயின்ட்டைத்தான் சாக் பெயின்ட் என்கிறார்கள். வெளிநாட்டு டின் விலை நமக்குக் கட்டாது. வீட்டிலேயே கலக்கலாம் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒருவர் சமையல் சோடா, இன்னொருவர் டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட். பக்கத்து வீட்டு அத்தையோ வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாலே போதும் என்கிறார். எதை எவ்வளவு போடுவது? இந்த மழையில் அடித்தால் நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் புண்ணியம்.

சுண்ணாம்புச்சுவர் (பெகு)

அக்கா, பெயின்ட் வேலைதான் எனக்குப் பிழைப்பு. நான் கலக்குகிற முறையைச் சொல்கிறேன்.

அடிப்படை, சுவருக்கு அடிக்கிற சாதாரண எமல்ஷன். தண்ணீரில் கரைகிறது, பளபளப்பில்லாத மேட் வகை, வெளிச்சுவருக்கானதாக இருந்தால் இன்னும் நல்லது. எனாமல் வேண்டாம். அது எண்ணெய் பெயின்ட், தண்ணீரில் குழைத்த பொடி அதோடு சேராது. 1 கப் எமல்ஷனுக்கு 4 மேசைக்கரண்டி சாக் பவுடர், அதாவது கால்சியம் கார்பனேட். அதைக் குழைக்க 2 அல்லது 3 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவுதான் சமாச்சாரம்.

வரிசை மாறக் கூடாது. பொடியை நேராகப் பெயின்ட்டில் கொட்டினால் மேலே மாவு படிந்த சின்னச் சின்ன உருண்டைகள் உண்டாகும். எவ்வளவு கலக்கினாலும் அவை உடையாது. பிரஷ்ஷில் போகும்போதுதான் உடையும், உடைந்து பலகை மேல் வெள்ளைக் கோடாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் முதலில் பொடியையும் தண்ணீரையும் தனியாகக் குழைத்துத் தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டு, அப்புறம் பெயின்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கலந்ததைக் கால் மணி நேரம் வைத்தால் காற்றுக் குமிழி அடங்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் செய்யலாம். 1 கப் பெயின்ட்டுக்கு 5 மேசைக்கரண்டி, ஏறக்குறைய அதே அளவு தண்ணீர். காய்ந்தபின் கெட்டியாக இருக்கும், தேய்க்க நன்றாக வரும். ஆனால் அது கலந்த உடனேயே இறுகத் தொடங்கும் பொருள். வேலையில் கால்வாசி முடிவதற்குள் வாளியில் கட்டிதட்டிவிடும். பீரோ மாதிரிப் பெரிய சாமானுக்கு அது தொல்லை. சின்ன ஸ்டூல், போட்டோ ஃபிரேம் என்றால் சரி.

நிறம் வாங்கும்போது நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி அழுத்தமாக வாங்குங்கள். பொடி சேர்ந்தால் வெளுக்கும். மேலே மெழுகோ வார்னிஷோ ஏறும்போது கொஞ்சம் திரும்ப அழுத்தமாகும். ஒரு பழைய பலகையில் அடித்து, காயவிட்டு, மேல்பூச்சும் போட்டுப் பார்த்த பிறகே பீரோவில் கை வையுங்கள்.

சோதனைக்குழாய் (மண்டலே)

தம்பி சொன்ன அளவு சரி. ஏன் அந்த அளவு என்பதைப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் நான் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் கலவையைத் தானே திருத்திக்கொள்ளலாம்.

எமல்ஷனில் இரண்டு முக்கியமான பொருள் உண்டு. ஒன்று நிறப்பொடி, இன்னொன்று அதை ஒட்டிப் பிடிக்கிற அக்ரிலிக் பசை. பசை தாராளமாக இருந்தால் பொடியெல்லாம் அதில் மூழ்கி, மேற்பரப்பு வழவழவென்று பளபளக்கும். நாம் வெளியிலிருந்து பொடி சேர்க்கச் சேர்க்கப் பசை பற்றாக்குறையாகிறது. பொடித் துகள்கள் மேலே தலைகாட்டுகின்றன, இடையில் நுண்ணிய இடைவெளி விழுகிறது. வெளிச்சம் அங்கே சிதறுவதால்தான் அந்த மங்கலான அழகு. உப்புத்தாளில் இழுத்தால் மாவாக உதிர்வதும் அதனால்தான். தண்ணீரையும் அழுக்கையும் உறிஞ்சுவதும் அதே காரணத்தால்தான். ஆகவே பொடி கூடினால் அழகு கூடும், பலம் குறையும். 1 கப்புக்கு 4 கரண்டி என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அளவு. காய்ந்த பலகையைக் கறுப்புத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை மாவு தாராளமாக ஒட்டினால் பொடி அதிகம், இன்னும் கொஞ்சம் பெயின்ட் சேர்க்க வேண்டும்.

இப்போது மற்றப் பொருள்கள்.

சமையல் சோடா தண்ணீரில் கரையும் உப்பு. காய்ந்த பூச்சுக்குள் படிகமாக நிற்கும், ஈரம் பட்டால் மறுபடி கரையும். யாங்கோன் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மி.மீ. மழை வாங்கும் ஊர், அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். அங்கே சோடா பெயின்ட் என்பதை நான் சிபாரிசே செய்ய மாட்டேன்.

கிரவுட்டில் சிமெண்ட் உண்டு. காரத்தன்மை அதிகம், தானாக இறுகும், தூசி நெஞ்சுக்கு ஆகாது.

வெற்றிலைச் சுண்ணாம்பு பற்றி அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அது கால்சியம் ஹைட்ராக்சைடு, கடுங்காரம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. காரம் பட்டால் பல மரங்கள் கறுத்துப் போகும். எமல்ஷனில் உள்ள சில நிறங்களும் வெளுத்துவிடும். சுவரில் அடித்த சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக மாறித்தான் கெட்டியாகிறது. அந்தக் கடைசிப் பொருளையே நாம் சாக் பவுடராக வாங்குகிறோம், அது சாதுவான பொருள்.

பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்துப் போடலாமா என்று யாராவது கேட்பீர்கள். இன்று விற்கும் சாக்பீஸ் பலவும் ஜிப்சத்தில் வார்த்தவை. கெடுதல் இல்லை, இறுகவும் இறுகாது, ஆனால் வீட்டு உரலில் இடித்தால் நைஸாக வராது, நறநறவென்று இருக்கும்.

எந்தப் பொடியானாலும் அளக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இழைப்புளி (மோல்மேன்)

அம்மா, நான் மர வேலைக்காரன். கலவை பற்றி எல்லாரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனது கேட்காத விஷயம் வேறு. நல்ல தேக்கின் மேல் பெயின்ட் அடிப்பதா?

பர்மாத் தேக்குக்கு உலகம் முழுக்க மதிப்பு. செட்டியார்கள் இங்கிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் காரைக்குடிப் பக்கம் கட்டிய வீடுகளில் தூணும் கதவும் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. பாட்டி காலத்துப் பீரோவில் இருப்பது நன்றாக முற்றிய பழைய மரமாகத்தான் இருக்கும். அந்த ரகப் பலகையை இப்போது கடையில் கேட்டுப் பாருங்கள். செதில் வார்னிஷை எடுத்துவிட்டு, தேய்த்து, எண்ணெய் விட்டால் தேன் நிறத்தில் எழுந்து நிற்கும். கதவு பிளைவுட்தானே, அதற்கு மட்டும் உங்கள் பச்சையை அடியுங்கள். சட்டமும் பக்கமும் தேக்காகவே இருக்கட்டும். பச்சையும் தேக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு எவ்வளவு இதமாக இருக்கும் தெரியுமா?

ஆளி விதை எண்ணெய் தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

இல்லை, முழுக்கப் பெயின்ட்தான் என்றால் தேக்கின் குணம் தெரிந்து செய்யுங்கள். தேக்குக்குள் எண்ணெய்ப் பசை இயற்கையாகவே உண்டு. கறையான் அண்டாததும் மழைக்கு அசையாததும் அந்தச் சத்தால்தான். பெயின்ட் ஒட்டாததற்கும் அதேதான் காரணம். இன்னொன்று, தண்ணீர் கலந்த பெயின்ட் பட்டதும் மரத்தின் சாயம் மேலே ஏறி வரும். இன்று மாலை அழகாக வெள்ளை அடித்திருப்பீர்கள். நாளைக் காலையில் கணு இருக்கும் இடத்தில் டீ சிந்தியது மாதிரி ஒரு பழுப்பு வட்டம் நிற்கும். அதன் மேல் எத்தனை கோட் அடித்தாலும் அத்தனையையும் தாண்டி வரும்.

அதற்கு மருந்து அரக்குதான், ஷெல்லாக் என்பார்களே அது. முதலில் செதிலை முழுக்கச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சுத்தமான துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்க வேண்டும். துணியில் மஞ்சள் ஏறும். துணி மாற்றி மாற்றி, மஞ்சள் நன்றாகக் குறையும்வரை துடையுங்கள். காய்ந்ததும் ரொம்ப நேரம் விடாமல் அரக்குப் பூச்சு. 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் அரக்குத் தகடு, இரவு முழுக்க ஊறினால் கரையும். மெழுகு நீக்கிய அரக்கு என்று கேட்டு வாங்குங்கள், அதன் மேல்தான் அடுத்த பூச்சு நன்றாகப் பிடிக்கும். மெல்லிசாக இரண்டு கோட். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

நம் ஷான் மலைப் பக்கத்திலேயே அரக்கு விளைகிறது.

மாடிவீடு (யாங்கோன்)

ஐயா, உங்கள் வார்த்தைக்கு மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். சாமானின் மேல் உள்ள பிரியம் எல்லாருக்கும் ஒரே விதமாக இருப்பதில்லை. என் அம்மா வீட்டுத் தேக்கு அலமாரி இருட்டு மூலையில் கறுப்பாக நின்றது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிர் நீலம் அடித்துச் சமையலறையில் வைத்த பிறகு தினமும் கை படுகிறது. விற்றுத் தொலைத்திருக்க வேண்டிய சாமான் வீட்டில் நிற்கிறது. மரம் உள்ளேதான் இருக்கிறது, அரக்குக்கு மேல் அடித்த பெயின்ட்டைப் பின்னால் எடுக்கவும் முடியும்.

நான் பேச வந்தது மேல்பூச்சு பற்றி. வெளிநாட்டுக் குறிப்பெல்லாம் மெழுகு மெழுகு என்றுதான் சொல்லும். அவர்கள் ஊர்க் காற்று வேறு. இந்த வகைப் பெயின்ட்டை 1990இல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற அம்மையார் கொண்டுவந்தார், அந்தப் பெயரே அவருடைய வணிக முத்திரை. மேலே மிருதுவான மெழுகு தேய்ப்பது அங்கிருந்து வந்த பழக்கம். அழகில் மெழுகை மிஞ்ச ஒன்றுமில்லை, தொட்டால் பட்டுப் போல இருக்கும். ஆனால் தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகும். சூடான லப்பெயே (பர்மிய டீ) கிளாஸை வைத்தீர்களானால் வட்டம் விழும். நம் ஊர் ஆவணி மழையில் மெழுகுப் பரப்பின் மேல் சாம்பல் பூசணம் பூப்பதையும் நான் பார்த்திருக்கிறேன், முக்கியமாகச் சுவரை ஒட்டிய பின்பக்கத்தில்.

அதனால் கை அதிகம் படுகிற, தண்ணீர் படுகிற சாமானுக்குத் தண்ணீரில் கரைகிற பாலியூரித்தேன் வார்னிஷ், மேட் வகை. மூன்று மெல்லிய கோட். எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், வெளிர் நிறத்தை மஞ்சளாக்கிவிடும். படுக்கையறைப் பீரோவுக்கு, மகள் அறைதானே, மெழுகும் போதும். ஆனால் இதை முன்னாலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மெழுகு ஏறிய பரப்பில் வார்னிஷ் ஒட்டாது. மெழுகிலிருந்து வார்னிஷுக்கு வரவேண்டுமென்றால் முழுக்க வழித்தெடுக்க வேண்டும்.

இழைப்புளி (மோல்மேன்)

நீங்கள் சொல்வதும் நியாயம்தான் அம்மா. யாரும் பார்க்காமல் மூலையில் கிடப்பதற்கு நீலம் அடித்தது மேல். ஆனால் பாலிஷ் போட ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் தேக்கைத் தேக்காக விடச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

பீரோவின் உள்பக்கத்துக்கும் இழுப்பறை ஓடும் இடத்துக்கும் இந்தப் பெயின்ட் வேண்டாம். மழைக்கு மரம் உப்பும்போது பெயின்ட்டும் பெயின்ட்டும் ஒட்டிக்கொண்டு இழுப்பறை வராது. இழுத்தால் உரிந்து வரும். காலின் அடிப்பக்கத்துக்கு மட்டும் அரக்கு இரண்டு கோட் கட்டாயம் கொடுங்கள், தரை ஈரம் அங்கேதான் ஏறும்.

புதுமுகம்_தட்டோன்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பாகன் யூன் பெட்டி (மரப்பால் மெருகு பூசிய பர்மியக் கைவேலை) ஒன்று, மேலே கீறல் விழுந்தது இருக்கிறது. அதற்கும் இதே சாக் பெயின்ட் அடிக்கலாமா?

இழைப்புளி (மோல்மேன்)

தம்பி, தயவு செய்து வேண்டாம். அது தித்ஸி மரத்துப் பால், கோட் கோட்டாகப் பூசி, ஈரக் காற்றுள்ள நிலவறையில் காயவைத்துச் செய்கிற வேலை. உப்புத்தாள் போட்டால் பல வாரத்துக் கைவேலை தூசியாகப் போகும். கீறலைப் பார்த்துக்கொடுக்க யூன் வேலைக்காரர்களே இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டு.

கிழக்குவாசல் (யாங்கோன், தாம்வே)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இழைப்புளி ஐயா சொன்னதை வீட்டில் உட்கார்ந்து பேசினோம். சட்டமும் பக்கமும் தேக்காகவே இருக்கட்டும், கதவுக்கும் மேலே உள்ள வளைவுப் பலகைக்கும் மட்டும் பச்சை என்று முடிவு. மகளுக்கும் அது பிடித்துவிட்டது.

கதவில் வார்னிஷைச் சுரண்டினால் அடியில் மஞ்சள் எனாமல் ஒரு அடுக்கு தெரிகிறது. எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாமா?

சோதனைக்குழாய் (மண்டலே)

கொஞ்சம் நிறுத்துங்கள் அம்மா. பழைய மஞ்சள் எனாமல் என்றால் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அந்தக் காலத்து மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈய குரோமேட் சகஜமாகப் போடுவார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடுத்ததே 1978இல்தான். தூசி வயிற்றுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும், திரும்பப் பெற முடியாத பாதிப்பு.

அதனால் காய்ந்த உப்புத்தாள் தொடவே கூடாது. மெஷின் சாண்டர் பேச்சே வேண்டாம். சூடு காட்டி உரிப்பதும் கூடாது. மஞ்சள் அடுக்கு கெட்டியாக ஒட்டியிருந்தால் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். தண்ணீரில் நனைக்கும் கறுப்பு உப்புத்தாளால் ஈரமாக வைத்தே லேசாகச் சொரசொரப்பாக்கி, சேற்றை ஈரத் துணியில் வழித்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அரக்கு அடித்து மூடிவிடலாம். வேலையை வீட்டுக்கு வெளியே, கீழே பிளாஸ்டிக் விரித்துச் செய்யுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அது வெறும் பிளைவுட் கதவுதானே? புதுப் பிளைவுட் வெட்டி மாட்டுவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. மகள் அறைக்கு என்பதால் நான் அதைத்தான் செய்வேன்.

சுண்ணாம்புச்சுவர் (பெகு)

சார் சொல்வதை ஆமோதிக்கிறேன். புதுப் பிளைவுட் என்றால் வேலையும் பாதி. விளிம்பில்தான் கவனம். வெட்டின ஓரம் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அங்கே பட்டி பூசித் தேய்த்துவிட்டு அரக்கு இரண்டு கோட்.

மழைக்கால வேலை பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லையே. காலையில் தொடங்காதீர்கள், அப்போதுதான் காற்றில் ஈரம் அதிகம். மழை விட்டுக் காற்று வீசுகிற மதியத்தைப் பிடியுங்கள். கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து ஃபேனை அறையில் சுழலவிடுங்கள், பூச்சின் மேல் நேராகக் காட்ட வேண்டாம். கோட் மெல்லிசாகப் போகட்டும். கோடையில் 1 மணி நேரத்தில் காய்வது இப்போது 4 மணி நேரம் எடுக்கும். விரல் நுனியை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறதா, இன்னும் ஈரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் கோட்டுக்குக் கலவை கெட்டியாகியிருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் போதும், அள்ளி ஊற்றாதீர்கள்.

இரண்டு கோட்டுக்கு அப்புறம் 320 நம்பர் உப்புத்தாளை லேசாக ஓட்டினால் பிரஷ் கோடு மறைந்து, கை வழுக்கிக்கொண்டு போகும்.

கிழக்குவாசல் (யாங்கோன், தாம்வே)

புதுப் பிளைவுட்டே போட்டுவிட்டோம். மஞ்சள் கதவுகளை அப்படியே சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தாயிற்று.

மாதிரிப் பலகை ஒன்றை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்றில் சாக் பவுடர் கலவை, இன்னொன்றில் பிளாஸ்டர் கலவை அடித்தேன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தண்ணீர்ச் சொட்டு வைத்தால் இரண்டும் உடனே குடித்து இருண்டன. வார்னிஷ் கோட் போட்ட பிறகு சொட்டு முத்து மாதிரி மேலேயே நின்றது. பிளாஸ்டர் கிண்ணம் மதியச் சாப்பாட்டுக்குள் கல்லாகிவிட்டது. சாக் பவுடர் கிண்ணம் மறுநாளும் கலக்கினால் பழையபடி ஆனது. மாடிவீடு அக்கா சொன்ன மேட் வார்னிஷையே எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் மகள் எதையும் ஈரக் கையோடுதான் திறப்பாள்.

தேக்குப் பக்கத்தைத் தேய்த்து எண்ணெய் விட்டதும் என் வீட்டுக்காரர் இதுதானா நம் பீரோ என்று கேட்டார்.

மிஞ்சின கலவையை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

சுண்ணாம்புச்சுவர் (பெகு)

சாக் பவுடர் கலவை என்றால் காற்றுப் புகாத டப்பாவில், விளிம்பு வரை நிரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி வையுங்கள். சில வாரம் தாங்கும். அடியில் பொடி படியும், குச்சி விட்டு அடியிலிருந்து கிளறுங்கள். திறந்ததும் புளித்த வாடை வந்தால் கெட்டுவிட்டது, அதை அடிக்க வேண்டாம். கதவு மூலை எங்காவது தட்டுப்பட்டு உதிர்ந்தால் தொட்டு அடிக்க ஒரு சின்னப் பாட்டில் போதும், அதில் நிறத்தின் பெயரையும் கலந்த அளவையும் எழுதி ஒட்டிவையுங்கள் அக்கா.